ஒரு வீட்டுக்கு எத்தனை அடுப்பு?

நீண்ட பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ஒரு லைக் போட்டுவிட்டு நகரலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். முப்பத்து நான்கு வருஷம் வகுப்பில் பேசிய வாய்க்குச் சுருக்கமாகச் சொல்ல வராது.

போன தை மாதம் என் மனைவிக்கு வலது கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை சென்னையில் நடந்தது. எங்கள் பிள்ளையார்பாளையம் வீடு பழைய நெசவாளர் வீடு. தெருவிலிருந்து திண்ணைக்கு மூன்று படி, திண்ணையிலிருந்து உள்ளே ஒரு படி, கழிவறை கொல்லைப்புறத்தில். புது மூட்டோடு அங்கே போகவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாவலூரில் மகள் வீட்டில் லிஃப்ட் உண்டு. இரண்டு மாதம் அங்கே தங்குவது என்று முடிவாயிற்று. நானும் கூடவே போனேன்.

காஞ்சிபுரத்தில் வீட்டைப் பார்த்துக்கொள்ள மனைவியின் அக்கா இருந்தார். கணவர் காலமாகிப் பன்னிரண்டு வருஷமாக எங்களோடுதான் இருக்கிறார். நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை, தெருவே கூப்பிடுவது போல, "வாத்தியாரே" என்பார்.

அக்காவும் தங்கையும் ஒரே தறியில் வளர்ந்தவர்கள். கோர்வைச் சேலை தெரிந்தவர்களுக்கு இது புரியும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், கரைக்குத் தனி நாடா. குழித்தறியில் உட்கார்ந்திருப்பவர் ஒருவராக எல்லாவற்றையும் செய்ய முடியாது. பக்கத்தில் இன்னொருவர் இருந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனபிறகு அக்கா தறியில் உட்கார்ந்தார். என் மனைவி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா போடுவாள். அப்படிப் பத்து வருஷம். இப்போது இருவருக்கும் தறி இல்லை. ராத்திரி எட்டு மணிக்கு ஒரு சீரியல் இருக்கிறது.

அந்தச் சீரியலின் பெயர் வேண்டாம். கதை முக்கியமில்லை, எனக்கு இன்றுவரை புரிந்ததும் இல்லை. ஆனால் அதைப் பார்த்தபடி இருவரும் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். மாமியார் மருமகளுக்கு விஷம் வைக்கிறாள், இவர்கள் மாமியாரின் புடவையைப் பார்ப்பார்கள். "ஜரிகை பாரு, பிளாஸ்டிக்." "கல்யாண வீட்டுக்கு இந்தக் கலரை எவ கட்டுவா?" "கோர்வைன்னு சொல்றாங்க, கரையும் உடம்பும் சேர்ற எடத்தப் பாரு, எல்லாம் மெஷின்." அரை மணி நேரமும் இதுதான்.

இனி டிவி விஷயத்துக்கு வருகிறேன். 2011-இல் அரசு கேபிள் வந்தபோது மாதம் 70 ரூபாய் கட்டினோம். 2019 பிப்ரவரியில் டிராய் விதி மாறி, நூறு சேனல்களுக்கு 130 ரூபாயும் வரியும், அதற்கு மேல் கட்டணச் சேனல் ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு என்று ஆயிற்று. 2022-இல் வீட்டுக்கு ஃபைபர் இணையம் போட்டேன். அதனோடு சேர்ந்து சில செயலிகளும் வந்தன. சீரியல், சினிமா எல்லாம் அதிலேயே இருக்கிறது, கேபிளுக்கு எதற்குத் தனியாகத் தண்டம் அழுவது என்று கணக்குப் போட்டேன். "பொட்டி பாட்டுக்கு ஒரு ஓரமா இருக்கட்டுமே வாத்தியாரே" என்றார் அக்கா. நான் கேட்கவில்லை. கேபிள்காரரை வரவழைத்துப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். சேமிப்பைப் பற்றி ஓய்வூதியர் கூட்டத்தில் பெருமையாக வேறு சொன்னேன்.

நாவலூர் போன முதல் நாள் இரவு, மகள் வீட்டு டிவியில் எங்கள் எண்ணைக் கொடுத்து, ஓடிபி போட்டு, செயலியைத் திறந்தோம். சீரியல் ஓட ஆரம்பித்தது. மனைவி வலியை மறந்து தலையணையில் சாய்ந்தாள். ஐந்து நிமிடத்தில் காஞ்சிபுரத்திலிருந்து போன்.

"வாத்தியாரே, டிவியில படம் நின்னுபோச்சு. ஏதோ இங்கிலீஷ்ல எழுதி வருது."

எழுத்து எழுத்தாகப் படிக்கச் சொன்னேன். வேறொரு சாதனத்தில் இப்போது பார்க்கப்படுகிறது என்பது அதன் சாரம். எங்கள் திட்டத்தில் ஒரு நேரத்தில் ஒரு திரைதானாம். மூன்று வருஷமாக ஒரே வீட்டில் ஒரே டிவியில் பார்த்ததால் இப்படி ஒரு விதி இருப்பதே எங்களுக்குத் தெரியவில்லை.

வாடிக்கையாளர் சேவை மையத்தைக் கூப்பிட்டேன். இனிமையான குரலில் ஒரு பெண். "உங்க பிளான் ஒரு ஸ்கிரீன்தான் சார்."

"அம்மா, வீடு ஒண்ணு, குடும்பம் ஒண்ணு, பணம் கட்டறவன் ஒருத்தன். ஆபரேஷனுக்காக ரெண்டு மாசம் வெளியில இருக்கோம். இதுல எங்கே தப்பு?"

"தப்பு இல்ல சார். அடுத்த பிளானுக்கு அப்கிரேட் பண்ணிக்கோங்க. ரெண்டு ஸ்கிரீன் வரும்."

அவள் சொன்ன கூடுதல் தொகை, மாதக் கணக்கில் பார்த்தால், நாவலூர் மாலில் இரண்டு காபி விலைகூட வராது. மறுத்துவிட்டேன். கொள்கைப் பிரச்சினை என்று சொன்னேன். பதினோரு அம்சங்கள் கொண்ட புகார் மின்னஞ்சல் ஒன்று எழுதினேன். மகள் அதைப் படித்துவிட்டு, "அப்பா, இது ஹாஃப் இயர்லி கொஸ்டின் பேப்பர் மாதிரி இருக்கு" என்றாள். கேபிள் கட்டணத்துக்கு டிராய் இருக்கிறது. இந்தச் செயலிகளின் கட்டணம் டிராயின் கீழ் வருவதில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

அக்காவே ஒரு ஏற்பாடு சொன்னார். "அவ மாத்திரை போட்டுட்டுச் சீக்கிரம் தூங்கணும். எட்டு மணிக்கு அவ பாக்கட்டும். முடிஞ்சதும் போன் பண்ணச் சொல்லுங்க, நான் அப்புறம் பாத்துக்கறேன்." நல்ல ஏற்பாடாகத் தோன்றியது. ராத்திரி எட்டரைக்குத் தங்கை கூப்பிடுவாள், "முடிஞ்சுது அக்கா, நீ போட்டுக்கோ" என்பாள். ஒன்பதே கால் வாக்கில் அக்கா திரும்பக் கூப்பிட்டுப் பேசுவார். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். கொள்கையும் காப்பாற்றப்பட்டது.

மகள் வீட்டில் எனக்கு வேலை எதுவும் இல்லை. பிசியோதெரபி ஆள் வந்துபோகும் ஒரு மணி நேரம் தவிர மீதி நேரம் சும்மாதான். இந்த விதிகளையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். ஆசிரியர் புத்தி.

நெட்ஃப்ளிக்ஸ் 2017-இல், கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொள்வதே அன்பு என்ற பொருளில் ட்விட்டரில் எழுதியது. ஆறு வருஷம் கழித்து, 2023 ஜூலை 20 அன்று, ஒரு கணக்கு ஒரு குடும்பத்துக்கு மட்டுமே என்று இந்தியாவிலும் அறிவித்தது. குடும்பம் என்றால் என்ன? நீங்கள் வழக்கமாக டிவி பார்க்கும் வீட்டின் இணைய இணைப்பில் சேர்கிற சாதனங்கள். ஐபி முகவரி, சாதனத்தின் அடையாளம், கணக்கு பயன்படும் விதம் இவற்றை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள். வெளியூரில் வேறு டிவியில் பார்த்தால் பயணத்தில் இருக்கிறேன் என்று சொல்லலாம். கணக்குக்கு உரியவரின் போனுக்கோ மின்னஞ்சலுக்கோ ஒரு எண் வரும், அதைச் சில நிமிடங்களுக்குள் போட வேண்டும். ஆக, ஒரு வைஃபையின் கீழ் இருந்தால் குடும்பம்.

இதைப் படித்ததும் எனக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஞாபகம் வந்துவிட்டது. 2001-லும் 2011-லும் எங்கள் பகுதிக்கு நான்தான் கணக்கெடுப்பாளன். வாத்தியார்களைத் தவிர அந்த வேலைக்கு நாட்டில் வேறு யார் அகப்படுவார்கள்! பயிற்சி வகுப்பில் குடும்பம் என்பதற்கு ஒரு வரையறை சொல்லிக் கொடுத்தார்கள்: வழக்கமாகச் சேர்ந்து வசித்து, ஒரே சமையலறையில் சாப்பிடுகிறவர்கள். ரத்த உறவு இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. எங்கள் தெருவில் ஒரே வாசலுக்குள் மூன்று அண்ணன் தம்பிகள், நடுக்கூடத்தில் இரண்டு தறி. நான் கேட்பது ஒரே கேள்விதான்: "உள்ளே எத்தனை அடுப்பு?" மூன்று அடுப்பு என்றால் மூன்று குடும்பம். சில வீடுகளில் பதில் சொல்வதற்குள் பெண்கள் முகம் மாறும். அடுப்பு பிரிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். ஒரு பாட்டி, "ரெண்டுன்னு எழுதாதே வாத்தியாரே, தீபாவளிக்குள்ள ஒண்ணாயிடும்" என்று கெஞ்சினார். ஒன்று என்று எழுதினேனா, இரண்டு என்று எழுதினேனா என்பதை இங்கே சொல்வதற்கில்லை.

அந்த வரையறையிலேயே ஒரு விலக்கும் உண்டு. வேலையின் அவசரத்தால் ஒருவர் அந்தச் சமையலறையில் சாப்பிட முடியாமல் போனால், அதனால் அவர் குடும்பத்திலிருந்து நீங்கிவிட மாட்டார். சர்க்கார் காகிதத்தில் இப்படி ஒரு ஈரம் எப்போதாவதுதான் தென்படும்.

எல்லை போட்டு விற்பது புதிது என்று நாம் சண்டை போட முடியாது என்பதும் எனக்குத் தெரியும். சினிமாக்காரர்கள் காலங்காலமாகத் தமிழ்நாட்டைக் கூறு போட்டுத்தான் படத்தை விற்கிறார்கள். சென்னை நகரம் தனி. வடஆற்காடு, தென்ஆற்காடு, செங்கல்பட்டு சேர்ந்து ஓர் ஏரியா. மாவட்டங்கள் எத்தனை முறை பிரிந்தாலும் வியாபாரத்தில் இன்றும் அதே பழைய பெயர்கள்தான். காஞ்சிபுரம் அந்தச் செங்கல்பட்டில் சேர்ந்தது. மவுண்ட் ரோடில் படம் வெளியாகி, அதன் கதையைப் பட்டணத்து மாமா வந்து சொல்லிவிட்டுப் போனபிறகும், எழுபது கிலோமீட்டர் தள்ளி நாங்கள் படப்பெட்டிக்காகக் காத்திருந்திருக்கிறோம். அதற்கும் முன்னால், அப்பா ரேடியோவுக்கு வருஷம் 15 ரூபாய் கட்டித் தபால் ஆபீஸில் லைசென்ஸ் புத்தகத்தில் வில்லை ஒட்டி வாங்கி வருவார். இன்ஸ்பெக்டர் தெருவுக்குள் வருகிறார் என்றால் பாதி வீடுகளில் ரேடியோ ஊமையாகிவிடும். எண்பதுகளின் நடுவில்தான் அந்த லைசென்ஸ் ஒழிந்தது.

நாடு தாண்டினால் சிக்கல் இன்னும் பெரிது. ஓய்வூதியர் சங்கத்து நண்பர் ஒருவர் நியூஜெர்சியில் மகன் வீட்டுக்கு ஆறு மாதம் போனார். இங்கே ஒரு வருஷச் சந்தா கட்டிவிட்டுப் போன செயலி, அங்கே இறங்கியதும், உங்கள் பகுதியில் இது கிடைக்காது என்றது. காரணம் பழைய செங்கல்பட்டு ஏரியா காரணம்தான். உரிமை நாடு நாடாக விற்கப்படுகிறது. ஐபிஎல்லை இங்கே ஒருவர் காட்டுகிறார், அமெரிக்காவில் வில்லோ காட்டுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் மட்டும் ஒரு சட்டம் போட்டார்கள்: 2018 ஏப்ரல் 1 முதல், சொந்த நாட்டில் காசு கட்டி வாங்கிய சந்தாவை, ஒன்றியத்துக்குள் வேறு நாட்டுக்குத் தற்காலிகமாகப் போனாலும் பார்க்க விட வேண்டும். நண்பர் வைகாசி கருட சேவையை மட்டும் விடவில்லை. நம் ஊர் விடியற்காலை அங்கே முந்தின நாள் சாயங்காலம். யாரோ ஒரு பையன் சன்னதித் தெருவில் போனைத் தூக்கிப் பிடித்து யூடியூபில் நேரலை விட்டிருக்கிறான். வரதர் சந்தா கேட்கவில்லை.

எல்லையே கூடாது என்று நான் சொன்னால் என் ஊரே சிரிக்கும். காஞ்சிப் பட்டுக்கு 2005-இல் புவிசார் குறியீடு வாங்கியவர்கள் நாம். ஆரணிக்குத் தனிக் குறியீடு உண்டு. வேறெங்கோ விசைத்தறியில் ஓட்டியதைக் காஞ்சிப் பட்டு என்று விற்றால் நமக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. 2019-இல் அத்திவரதர் 48 நாள் எழுந்தருளியபோது, வெளியூர்க்காரர்கள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்க, ஆதார் அட்டையைக் காட்டி உள்ளூர்க்காரர்களுக்கான நேரத்தில் நானும் மனைவியும் அக்காவும் போய்ச் சேவித்து வந்தோம். அன்று எனக்குக் கொள்கைப் பிரச்சினை எதுவும் வரவில்லை.

இதையெல்லாம் பெரிய பதிவாக எழுதி உங்கள் தலையில் கட்டலாம் என்று குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது வாரம். ஒரு ராத்திரி அக்காவிடம் பேசி முடித்துவிட்டு மனைவி போனை மடியில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். வலியா என்று கேட்டேன்.

"அக்கா சீரியல் பாக்கல."

"இப்பத்தானே முழுக் கதையும் சொன்னாங்க?"

"கதை சொல்லுது. யார் யாரை அடிச்சா, யார் அழுதா, எல்லாம் சரியா சொல்லுது. பத்து நாளா ஒரு புடவையைப் பத்திப் பேசலீங்க. இன்னைக்கு நிச்சயதார்த்தம். அவ்ளோ மோசமான அரக்குல ஒண்ணு கட்டியிருந்தா. நானே எடுத்துக் குடுத்துப் பாத்தேன். 'ஆமா, நல்லாருந்துது'ன்னு சொல்லுச்சு."

அதற்கு மேல் அவள் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்குப் போய்ப் பாத்துட்டு வாங்க" என்றாள்.

அக்காவுக்குச் சொல்லாமல் கிளம்பினேன். போக்குவரத்தில் மாட்டி ஊர் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. எங்கள் தெருவில் அந்த நேரத்துக்கு இப்போது இரண்டு மூன்று தறிச் சத்தம்தான் கேட்கும். வீட்டில் விளக்கு இல்லை. திண்ணையில், பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி, அக்கா உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீடும் எங்கள் வீடும் ஒரே சுவர். அவர்கள் கூடத்து ஜன்னல் எங்கள் திண்ணைக்கு நேராக இருக்கிறது. அவர்கள் இன்னும் கேபிள் வைத்திருக்கிறார்கள். எட்டு மணி சீரியல் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் படியருகே அப்படியே நின்றேன். விளம்பரம் வந்ததும் கண் திறந்தார்.

"என்ன வாத்தியாரே, சொல்லாம கொள்ளாம? அவளுக்கு ஒண்ணும் இல்லியே?"

உள்ளே போய் விளக்கைப் போட்டேன். டிவியின் மேல் துணி போர்த்தியிருந்தது. ரிமோட்டைப் பழைய பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியில் வைத்திருந்தார். ஏன் பார்க்கவில்லை என்று கேட்டதற்கு முதலில் கண் எரிச்சல் என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். நடுவில் ஒரு நாள் எட்டரை ஆகிவிட்டது என்று நினைத்து டிவியைப் போட்டிருக்கிறார். மணி எட்டேகால். நாவலூரில் படம் நின்றுவிட்டது. என் மனைவி கூப்பிட்டு, "பரவால்ல அக்கா, நீ பாரு, நான் அப்புறம் பாத்துக்கறேன்" என்றிருக்கிறாள். அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் பிறகு அக்கா டிவியைத் தொடவில்லை.

"கால நீட்டிப் படுத்துக் கெடக்கறவ. அவ பாக்கறத நான் புடுங்கற மாதிரி ஆயிடுச்சு."

"பக்கத்து வீட்டுக்கு உள்ளே போய்ப் பாத்திருக்கலாமே அக்கா?"

"அவங்க எல்லாம் குந்திச் சாப்பிடற நேரம் வாத்தியாரே. தெனம் போய் நின்னா நல்லாவா இருக்கும்?"

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. தோசை வார்க்கட்டுமா என்று கேட்டுக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டார். பதினோரு அம்சப் புகாரை எழுதிய என் போன் சட்டைப் பையில் இருந்தது. இரண்டு காபி விலை.

மறுநாள் காலை கேபிள்காரரைப் பிடித்தேன். என் மாணவன்தான், பத்தாம் வகுப்பு. "கேபிள் தண்டம்னு சொன்னீங்களே சார்" என்று சிரித்தான். சாயங்காலமே பெட்டியைக் கொண்டுவந்து மாட்டினான். அக்கா வாசலில் நின்றபடி, "எதுக்கு இது? இன்னும் மூணு வாரத்துல வந்துடப் போறீங்க" என்று சொல்லிக்கொண்டே, டிவியின் மேலிருந்த துணியை எடுத்து மடித்து வைத்தார்.

அன்று ராத்திரி அங்கேயே தங்கினேன். எட்டு மணிக்கு இங்கே அக்கா, அங்கே தங்கை. விளம்பரம் வரும்வரைகூடப் பொறுக்கவில்லை, பாதியிலேயே போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்துவிட்டார்கள். இரண்டு டிவிக்கும் முப்பது நாற்பது விநாடி வித்தியாசம். அதனால் மாமியார் இங்கே ஒரு தடவை, போனுக்குள் ஒரு தடவை என்று இரண்டு முறை அழுதாள்.

"அந்த மயில்கழுத்துக் கலரப் பாத்தியா?" என்றார் அக்கா.

"இரு, இன்னும் வரல... ஆங், வந்துடுச்சு. அய்ய!"

"பட்டே இல்லடி அது."

நான் தட்டை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டேன்.